விலைக்கு வாங்கும் களிம்பு

மட்டக்களப்புப் பக்கத்தில் பூசைச் செம்பில் பச்சை பூத்துக் கிடந்தால் அது வீட்டுக்கே இழுக்கு. பழப்புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, செம்பு செக்கச்செவேல் என்று வந்த பிறகுதான் கும்பம் வைப்பார்கள். நாம் இப்படித் தேய்த்துக் கழுவி ஊற்றும் அந்தப் பச்சையை ஜேர்மனியிலும் பின்லாந்திலும் தொழிற்சாலையில் வைத்துப் புதுச் செப்புத் தகட்டின்மேல் ஏற்றி, வெறுஞ் செம்பைவிடக் கூடிய விலைக்கு விற்கிறார்கள். ஜேர்மனியின் கேஎம்ஈ நிறுவனம் அதற்கு ‘டெக்கு பற்றினா’ என்று பெயர் வைத்திருக்கிறது. பின்லாந்தின் பொரி நகரில் பிறந்த சரக்குக்கு ‘நோர்டிக் கிரீன்’, ‘நோர்டிக் புளூ’ என்று பெயர். கட்டடத்தின் முகப்பில் அறைந்த அன்றைக்கே அது நூறு வருடக் கூரைபோல நீலப்பச்சையாக நிற்கும்.

மட்டக்களப்பு வாவிக்கரையிலுள்ள தன்னாமுனையில் ஒருவர் தன் மாடி வீட்டு முகப்புக்கு இந்தத் தகட்டைத் தருவிக்க நினைத்தால், நான் அவரை நிறுத்தி ஒரு விஷயம் சொல்வேன். அந்தப் பச்சை வடக்கு ஐரோப்பாவின் காற்றைப் பார்த்துச் செய்தது. இந்த ஊர்க் காற்று செம்புக்கு வேறொரு பச்சையைத் தரும், அதுவும் காசு வாங்காமல். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு நிறத்தோடு முடிவதில்லை. மழையோடு சேர்ந்து வாவிக்குள்ளும் அது இறங்குகிறது.

சைவ சித்தாந்தத்தில் உயிரையும் ஆணவ மலத்தையும் விளக்கச் செம்பையும் அதில் பூக்கும் இந்தப் பச்சைக் களிம்பையும் காட்டுவது பழைய வழக்கம். செம்பு என்றைக்கு உண்டோ அன்றைக்கே களிம்பும் உண்டு, அது வெளியிலிருந்து வந்து ஒட்டியதல்ல என்பது அந்த உவமையின் உயிர். திருமந்திரம் இறைவனைக் களிம்பு அறுத்தவன் என்றே பேசுகிறது. இரசாயனம் இதில் பாதியை ஒப்புக்கொள்ளும். ஒட்சிசன் உள்ள காற்றில் உலோகச் செம்பு நிலையான பொருள் அல்ல. சேர்மமாக மாறினால் அதன் சக்தி குறையும் என்பதால் மாறும் சாய்வு அதற்குள்ளேயே இருக்கிறது. ஆனால் எந்தச் சேர்மமாக மாறும், எத்தனை வருடத்தில் மாறும் என்பதை முடிவு செய்வது முழுக்க முழுக்க வெளியே உள்ள காற்றும் ஈரமும்தான்.

புதுத் தகடு இளஞ்சிவப்பாக மின்னும். சில வாரங்களில் அந்த மினுக்கம் போய்ப் பழுப்பேறும். அது குப்ரைற் என்ற செம்பு ஒட்சைட்டின் படலம். ஒரு மைக்ரோமீற்றர் தடிப்புக்கூட இராது. மாதங்கள் போகப்போக அது கறுத்துக்கொண்டே வரும். உலர்ந்த உள்நாட்டு ஊர்களில் கதை பல பத்து வருடங்களுக்கு அந்தக் கரும்பழுப்போடு நின்றுவிடுவதுண்டு. பச்சை வரவேண்டுமானால் தகட்டின்மேல் மெல்லிய நீர்ப்படலம் அடிக்கடி நிற்கவேண்டும், அந்த நீரில் கரைந்த ஏதோ ஓர் உப்பும் இருக்கவேண்டும். அப்போது கொஞ்சம் செம்பு கரைந்து, நீரின் ஐதரொட்சைட்டோடும் அந்த உப்போடும் சேர்ந்து, கரையாத படிவாகத் திரும்ப உட்காருகிறது. பாடப்புத்தகங்கள் சில இந்தப் பச்சையைச் செம்புக் காபனேற்று என்று சொல்லிவிட்டுப் போகின்றன. மண்ணில் புதைந்து கிடந்த செம்புக்கு அது பொருந்தும். கூரையில் காற்றுவாங்கும் செம்பில் காபனேற்றுக்குச் சிறிய பங்குதான். அங்கே இரண்டு பேர்தான் முக்கியம்: நகரப் புகையின் கந்தகம் தரும் புரோகான்டைற் என்ற சல்பேற்று, கடல் உப்பு தரும் அற்றகாமைற் என்ற குளோரைட்டு.

இரண்டும் பச்சையாக இருப்பதற்குக் காரணம் ஒன்றே. இரண்டு இலத்திரன்களை இழந்த செம்பு அயன் வெள்ளொளியின் சிவப்புப் பக்கத்தை விழுங்கிவிடுகிறது. மிஞ்சுவது நீலமும் பச்சையும். அயனைச் சுற்றி யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அந்த மிச்சம் நீலத்துக்கோ பச்சைக்கோ சாயும். நீர் மூலக்கூறுகள் சூழ்ந்தால் நல்ல நீலம். தோட்டக்காரர்களுக்குத் தெரிந்த மயில்துத்தத்தின் நிறம் அது. குளோரைட்டு நெருங்கினால் மரகதப் பச்சைப் பக்கம் போகும். பழப்புளியின் தாத்தாரிக் அமிலம் இந்த அயன்களையே பற்றிக் கரைத்துக்கொண்டு போகிறது. அடியிலிருந்த உலோகம் வெளியே தெரிகிறது.

இப்போது தன்னாமுனைக்கு வருவோம். மட்டக்களப்பிலிருந்து திருகோணமலை வீதியில் ஏறாவூர் நோக்கிப் போகையில் வரும் ஊர். ஒருபக்கம் வாவி; கிழக்கே சில கிலோமீற்றரில் சவுக்கடிக் கடற்கரை. சுற்றிலும் தண்ணீர் இருப்பதால் கடலோரக் கல்லடியில் விழும் உப்பு அளவுக்கு இங்கும் விழும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி விழுவதில்லை. காற்றில் உப்பு ஏறுவது நீர் ஆவியாவதால் அல்ல, அலை உடைவதால். நுரைக் குமிழிகள் வெடிக்கும்போது நுண்துளிகள் மேலே தெறிக்கின்றன. பெரிய துளிகள் கரையிலேயே விழுந்துவிடும், சிறியவை காற்றோடு உள்ளே போகும். முதல் சில நூறு மீற்றருக்குள்ளேயே பெரும்பங்கு படிந்துவிடுகிறது. அமைதியான வாவியில் அலை உடைவது குறைவு. ஆகவே வாவி அருகில் இருப்பதால் மட்டும் உப்பு கூடிவிடாது. வாவி கொடுப்பது முக்கியமாக ஈரத்தைத்தான். கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் கல்லடியில் அறைந்த தகடும் தன்னாமுனையில் அறைந்த தகடும் ஒரே மாவட்டத்தில் இருந்தாலும் ஒரே வேகத்தில் பச்சையாகா.

காற்றுகளையும் கணக்கில் எடுக்கவேண்டும். வாடை பெருங்கடலிலிருந்து வருகிறது. உப்பைக் கொண்டுவந்து, தன் மழையாலேயே அதில் ஒரு பங்கைக் கழுவியும் விடுகிறது. கச்சான் நிலத்தின் மேலாக வருவதால் உப்புக் குறைவு, வெக்கை அதிகம். அந்த மாதங்களில் மாலைக் கடற்காற்று கொண்டுவரும் கொஞ்ச உப்பைக் கழுவ மழை இல்லாததால் அது தகட்டிலேயே தங்கிவிடும். தங்கிய உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதன் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைட்டு காற்றிலுள்ள ஆவியை உறிஞ்சித் தானே நீராகிவிடும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கு அதில் பாதிகூடத் தேவையில்லை. வாவிக்கரை இரவுகளில் ஈரப்பதன் அந்த அளவைத் தாண்டுவது வழமை. ஆகவே ஒரு சொட்டு மழை இல்லாத ஆனி, ஆடியிலும் இரவுதோறும் செம்பின்மேல் உப்புநீர்ப் படலம் ஒன்று விரிந்து, வெயில் ஏறியதும் காய்கிறது. பச்சை பிறப்பதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. கரையோர வீடுகளில் ஏசி இயந்திரத்தின் செப்புக் குழாயையும், கோபுரத்திலோ தேவாலய மணிக்கூண்டிலோ இருந்து இறங்கும் இடிதாங்கிப் பட்டியையும் உற்றுப் பார்த்தால் காற்றின் இந்த வேலை கண்ணுக்குத் தெரியும்.

கடலோரத்தில் ஐந்து முதல் பத்து வருடத்தில் பச்சை பிடிக்கும் என்பது கூரைத் தொழிலில் உள்ளவர்கள் சொல்லும் பொதுக் கணக்கு. செம்பு அரித்துப் போய்விடாதா என்ற கேள்விக்கும் விடை உண்டு. காற்றின் அரிக்கும் தன்மையைத் தரப்படுத்தும் சர்வதேச நியமம், மிகக் கடுமையான கடலோர வகைகளில் ஒன்றுக்கு முதல் வருடச் செம்பு இழப்பை 2.8 முதல் 5.6 மைக்ரோமீற்றர் வரை என்று வைக்கிறது. கூரைத் தகடு வழமையாக 0.6 அல்லது 0.7 மில்லிமீற்றர். முதல் வருட வேகம் குறையாமல் நீடித்தாலும் நூறு வருடம் தாண்டும். உண்மையில் களிம்பு தடிக்கத் தடிக்க வேகம் குறைந்துகொண்டே போகிறது.

இதற்குப் பெரிய சாட்சி நியூயோர்க் துறைமுகத்தில் நிற்கிறது. 1886 ஒக்டோபரில் திறக்கப்பட்ட சுதந்திர தேவி சிலையின் தோல் 2.4 மில்லிமீற்றர் செம்பு. அன்றைக்கு அது பழஞ்சல்லி நிறத்தில் இருந்தது. இருபது வருடத்தில் பச்சை பரவியதும், 1906இல், சிலைக்கு வண்ணம் அடிக்கும் யோசனை அரச தரப்பில் எழுந்தது. மக்கள் எதிர்த்ததால் அது கைவிடப்பட்டது. நூற்றாண்டுப் புதுப்பிப்பின்போது அளந்து பார்த்ததில் இழந்த தடிப்பு ஏறக்குறைய 0.1 மில்லிமீற்றர்தான். இதில் எனக்கு மிகவும் சுவையான செய்தி வேறொன்று: கடல்நீர் சூழ நிற்கும் அந்தச் சிலையின் பச்சையில் பெரும்பங்கு கடலுப்பின் குளோரைட்டு அல்ல, புரோகான்டைற். அதாவது நியூயோர்க்கின் நிலக்கரிப் புகை கடலை வென்றிருக்கிறது.

ஐரோப்பாவின் புகழ்பெற்ற பச்சைக் குவிமாடங்களும் அப்படித்தான். அவை நிலக்கரிக் காலத்துக் கந்தகவீரொட்சைட்டில் ஊறிப் பச்சையானவை. பிறகு சட்டங்கள் வந்தன, ஆலைப் புகை வடிகட்டப்பட்டது, மழையின் அமிலம் குறைந்தது. மனிதர்களின் நெஞ்சுக்கு அது நன்மை. செம்புக் கூரைகளோ பச்சையாக மறுத்துவிட்டன. முன்பு பத்துப் பதினைந்து வருடத்தில் வந்த நிறத்துக்கு இப்போது பல பத்து வருடம் காத்திருக்கவேண்டியிருக்கிறது. அதோடு இக்காலக் கட்டடக்கலை செம்பைக் கூரையிலிருந்து இறக்கிச் சுவரில் அறைந்தது. செங்குத்துச் சுவரில் மழைநீர் நிற்பதில்லை, வழிந்துவிடும். அங்கே பச்சை வருவது மேலும் தாமதம், சில இடங்களில் வராமலே போகும். பச்சைச் சுவர் வேண்டுமென்றால் அதைத் தொழிற்சாலையில்தான் செய்யவேண்டும் என்ற நிலை அப்படி வந்தது.

செய்முறையின் வேர் மிகப் பழையது. சிற்பிகள் நெடுங்காலமாக நவச்சாரம், புளிக்காடி, செம்பு நைத்திரேற்று போன்றவற்றைப் பூசி வெண்கலத்துக்கு வயதேற்றி வந்தார்கள். கூரை வேலைக்கு அமோனியம் சல்பேற்றுக் கரைசலைத் திரும்பத் திரும்பத் தெளிக்கும் முறையும் இருந்தது. நடுவில் ஒரு மழை பெய்தால் எல்லாம் ஓடிவிடும். இன்றைய ஆலைகள் தகட்டைச் சுத்தம் செய்து, முதலில் பழுப்பு ஒட்சைட்டுப் படலத்தை வளர்த்து, அதன்மேல் செம்பு உப்புகளைக் கொண்ட கலவையைப் பரப்பி உலர்த்திப் பிடிக்கவைக்கின்றன. இது வண்ணப்பூச்சு அல்ல. இயற்கையாக விளையும் அதே புரோகான்டைற் கனியம்தான். ஆனால் வருடக்கணக்கில் உலோகத்திலிருந்து முளைத்த படிவுபோல இறுகிப் பிணைந்திருக்காது. மடித்தால் மடிப்பில் உதிரும், உரசினால் உரிபடும். தகடு வீட்டில் ஏறிய பிறகு காற்று அதன் மேல் தன் வேலையைத் தொடரும்.

பெர்லினில் 1999இல் திறந்த ஐந்து நோர்டிக் நாடுகளின் தூதரக வளாகம் இந்தத் தகட்டின் பெருமைக்குரிய காட்சி. டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து, நோர்வே, சுவீடன் ஆகிய ஐந்து நாட்டுக் கட்டடங்களையும் சுற்றிச் சுமார் 15 மீற்றர் உயரமான ஒரே பச்சைச் செப்புப் பட்டி வளைந்து ஓடுகிறது. சான் பிரான்சிஸ்கோவின் டி யங் அருங்காட்சியகம் இதற்கு நேர் எதிரான வழியில் போனது. 2005இல் திறந்த அந்தக் கட்டடத்துக்கு வெறுஞ் செம்பைத் தோலாகப் போர்த்தி, பசிபிக் கடலின் உப்பு மூடுபனி மெல்ல மெல்லப் பச்சையாக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். இரண்டில் எனக்குப் பிடித்தது இரண்டாவது. தன்னாமுனைக்குப் பொருந்துவதும் அதுதான்.

செம்புக் கூரை நமக்குப் புதியதல்ல. அனுராதபுரத்தில் துட்டகைமுனு கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் எழுப்பிய ஒன்பது மாடி லோகப்பிராசாதம் (உலோக மாளிகை), செப்பு ஓடு வேய்ந்ததால்தான் அந்தப் பெயர் பெற்றது. விளக்குத் தீயில் அது எரிந்ததும் அவன் தம்பி சத்தாதிச்சன் ஏழு மாடியாகத் திரும்பக் கட்டினான். இன்று வரிசை வரிசையாகக் கல்தூண்களே மிச்சம். நம் காலத்தில் ஜெப்ரி பாவா கோட்டேயின் தியவன்னா நீர்ப்பரப்பில் வடிவமைத்த, 1982 ஏப்பிரலில் திறக்கப்பட்ட பாராளுமன்றத்தின் பெரிய தாழ்சரிவுக் கூரைகள் செம்பால் ஆனவை. தமிழகத்தில் மரபு வேறு பக்கம் திரும்பியது. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானத்துக்கு இராசராசன் கொடுத்த செப்புக்குடம் 3,083 பலம் எடை, அதன்மேல் 2,926½ கழஞ்சுப் பொன் என்று அந்தக் கோயிலின் கல்வெட்டே கணக்குச் சொல்கிறது. களிம்பு ஏறாதிருக்கப் பொன்னைப் போர்த்துவது நம்முடைய விடை. நம் ஊர்க் கோயில்களின் கலசங்களிலும் அதே முறைதான். பொன்பூச்சு எங்கேனும் ஊசித்துளை அளவு விட்டுப்போனால் அந்த இடத்தில் அடிச்செம்பு இன்னும் வேகமாக அரிக்கும், பச்சைக் கோடாக வழியும்; குடமுழுக்குக்குக் குடமுழுக்குக் கலசத்தை இறக்கிப் பார்ப்பதில் இந்த இரசாயன நியாயமும் இருக்கிறது.

எல்லாவற்றையும்விட வாவிக்கரையில் கவனிக்கவேண்டியது மழைநீர். களிம்பு முற்றாகக் கரையாத பொருள் அல்ல. ஒவ்வொரு மழையிலும் கொஞ்சம் செம்பு நீரோடு இறங்குகிறது. சுவீடன், பின்லாந்து ஆய்வாளர்கள் ஸ்டொக்ஹோமிலும் சிங்கப்பூரிலும் ஒரே மாதிரியான தகடுகளைச் சாய்த்து வைத்து, வழியும் நீரைச் சேகரித்து அளந்திருக்கிறார்கள். ஸ்டொக்ஹோமில் வெறுஞ் செம்பிலும் இயற்கைக் களிம்பு ஏறிய செம்பிலும் இருந்து வருடத்துக்குச் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை கிராம் செம்பு இறங்கியது. சிங்கப்பூரின் கொட்டும் மழையில் அது ஐந்தரை கிராம் அளவுக்கு ஏறியது. அங்கே ஆலையில் களிம்பேற்றிய தகடுகளில் முதல் வருடத்தில் அது எட்டு கிராமைத் தாண்டியது. காரணம் எளிது: இறுகிப் பிணையாத உப்பு முதல் மழைகளில் கழன்று ஓடுகிறது. மட்டக்களப்பின் மழை சிங்கப்பூர் அளவு இல்லை, ஆனால் பெரும்பகுதி கார்த்திகை முதல் தை வரையான சில மாதங்களில் ஒன்றாகக் கொட்டுகிறது. ஐந்தரை கிராம் என்றே வைத்துக்கொண்டால் 200 சதுர மீற்றர் கூரையிலிருந்து வருடத்துக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேலே. அதிலும் நீண்ட கச்சானுக்குப் பிறகு விழும் முதல் மழையின் முதல் சில நிமிடங்களில்தான் செறிவு உச்சம்.

இந்த வாவி நண்டுக்கும் இறாலுக்கும் பேர்போனது. அந்த உயிர்களின் இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமப்பது இரும்பு அல்ல, செம்பு. ஈமோசயனின் என்ற அந்தப் புரதம் ஒட்சிசன் ஏறியதும் நீலமாகிவிடும். ஆகவே செம்பு அவற்றுக்கு வேண்டியதுதான், நுண்ணிய அளவில். அளவு மீறினால் அதே செம்பு குஞ்சுகளையும் அவை உண்ணும் நுண்பாசியையும் கொல்லும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோக் கலவை செடியின் பூஞ்சணத்தைக் கொல்வதும், மரக்கலங்களின் அடியில் செப்புத் தகடு அறைந்தால் மட்டி ஒட்டாமலிருப்பதும் இதே நஞ்சால்தான். வாவி நீரில் கரைந்திருக்கும் சேதனப் பொருளும் அடிச்சேறும் செம்பில் பெரும்பங்கைப் பற்றிக்கொள்ளும் என்பது உண்மை. உயிர்களைத் தாக்குவது பற்றப்படாமல் மிஞ்சும் அயன். ஆனால் முகத்துவாரம் மணலால் மூடிக் கிடக்கும்போது வாவிக்குக் கடலோடு நீர்ப்பரிமாற்றம் இல்லை. அந்த நிலையில் முதல் மழை விழுந்தால், வந்து சேர்வதெல்லாம் உள்ளேயே தங்கும். ஒரு வீட்டால் வாவி கெட்டுவிடாது. ஹோட்டல்களும் மண்டபங்களும் கரையோரம் வரிசையாக எழும் காலத்தில் ஒரு பாணி பரவினால் ஒரு வீட்டுக் கணக்கு போதாது. எனவே ஆலைக் களிம்புத் தகட்டை இந்தக் கரைக்குக் கொண்டுவர வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம். நிறம் மட்டும்தான் வேண்டும் என்றால் நல்ல வண்ணப்பூச்சு போதும். செம்பேதான் வேண்டும் என்றால் வெறுஞ் செம்பை அறைந்துவிட்டுப் பொறுத்திருக்கலாம்.

அப்படி அறைபவர் இரண்டு காரியம் செய்யவேண்டும். செம்பிலிருந்து வழியும் நீர், கீழே உள்ள சிங்க் பூசிய தகரத்திலோ அலுமினியத் தகட்டிலோ பீலியிலோ விழக்கூடாது. நீரிலுள்ள செம்பு அயன் அந்த உலோகத்தின்மேல் செம்பாகப் படிந்து, அதைச் சுற்றி உள்ளதை மின்னிரசாயன முறையில் தின்று ஓட்டை போடும். அயல் வீட்டுக் கூரையும் இதில் தப்பாது. இரண்டாவது, பீலித் தண்ணீரை நேரே வாய்க்காலுக்குள் விடாமல் சுண்ணாம்புக்கல் நிரப்பிய குழி ஒன்றின் வழியே விடவேண்டும். சுண்ணாம்புக்கல், கொங்கிறீற்று, மண் மூன்றும் கூரை நீரிலிருந்து செம்பைப் பிடித்து வைப்பதைச் சுவீடனின் ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். கரையில் அள்ளும் மட்டி, சிப்பி ஓடுகளும் அதே கல்சியம் காபனேற்றுத்தான். அவற்றை உடைத்துக் குழியில் இட்டால், சில காலத்தில் வெள்ளை ஓடுகளின்மேல் நீலப்பச்சைப் படிவு தெரியத் தொடங்கும். படிவு குழியின் மறுமுனை வரை வந்துவிட்டால் ஓடுகளை மாற்றும் நேரம்.